பருத்தித்துறையிலிருந்து பருத்தி நூல் தேடி

பருத்தித்துறை என்று பெயர் வைத்திருக்கும் எங்கள் ஊரில், ஒரு குழந்தைப் போர்வைக்குப் போதுமான பருத்தி நூல் ஒரே நிறத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். ஒன்றில் இளநீலம் இரண்டு உருண்டைகள் இருந்தன. இன்னொன்றில் எலி கடித்த மஞ்சள். பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஏற்றியவர்கள் மிச்சம் வைக்காமல் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

போர்வை கேட்டவள் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகள். மாசியில் குழந்தை பிறக்கப் போகிறது. பனி கொட்டும் அந்த ஊரில் கிடைக்காத கம்பளியா? ஆனால் மின்விசிறியை நிறுத்தினால் வியர்த்து ஒழுகும் எங்கள் வீட்டிலிருந்துதான் அவளுக்குப் போர்வை போக வேண்டுமாம். "இங்கே வாங்கலாம் சித்தி, ஆனால் அது நீங்கள் பின்னியது இல்லையே" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

ஒரு சனிக்கிழமை காலை நானும் சின்னம்மாவும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். சின்னம்மாவுக்கு 72 வயது. எனக்கு குரோஷே ஊசி பிடிக்கக் கற்றுத் தந்தவர் அவர்தான். அவருடைய கைப்பையில் கண்ணாடிக் கூடு, வெற்றிலைச் சரை, குரோஷே ஊசி ஒன்று, தீப்பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சமையலறைக்கு வெளியே இந்தக் காலத்தில் யார் தீப்பெட்டி கொண்டு திரிகிறார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்று மத்தியானத்துக்குப் பிறகு செய்வதில்லை.

நெல்லியடியில் பஸ் நிறைந்தது. வல்லை வெளியில் காற்று சன்னல் வழியே புகுந்து எல்லோருடைய தலையையும் கலைத்தது. நீர்வேலியில் வாழைக்குலைகளை ஏற்றுவதற்காக ஒரு லொறி பாதி வீதியை அடைத்து நின்றது. சின்னம்மா கோப்பாய் வரை நித்திரை.

யாழ்ப்பாணத்தில் 'நூல் கடை' என்று பலகை தொங்கும் கடையை நான் கண்டதில்லை. தைக்கிற நூல் வேண்டுமானால் எங்கும் உண்டு. பின்னுகிற நூல் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். தையல் சாமான் கடையில் பொத்தானுக்கும் லேசுக்கும் பின்னால் கிடக்கும், இல்லையென்றால் புத்தகக் கடையில் கைப்பணிக் கடதாசிகளோடு தொங்கும். நவீன சந்தைக்குள் முதலில் நுழைந்த கடையில் இருந்த பெண், நான் வாயைத் திறக்கும் முன்பே, "பள்ளிக்கூடக் கைப்பணிக்கா அக்கா?" என்று கேட்டாள். கிளிப்பச்சையிலும் குங்குமச் சிவப்பிலும் சின்னச் சின்னக் கட்டுகளாக வூல் எடுத்துப் போட்டாள். கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடும் பொம்மைக்குச் சரி. பிறந்த குழந்தையின் கன்னத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

அடுத்தது கஸ்தூரியார் வீதி. நகைக் கடைகளின் பளபளப்புக்கு நடுவே ஒரு அலங்காரப் பொருட் கடையில் உண்மையாகவே அழகான நூலைக் கண்டேன். பால் வெள்ளை, தொட்டால் பூனைக்குட்டி போல. லேபிளில் 100 வீதம் கம்பளி என்று போட்டிருந்தது. விலையும் அதற்கேற்ற விலைதான். 2022 இல் டொலர் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு இறக்குமதிச் சாமானின் விலையைப் பார்த்து அதிர்வதை நான் விட்டுவிட்டேன். பணப்பையைத் திறந்தேன். சின்னம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கடைக்காரத் தம்பியிடம் ஒரு விரல் நீளம் நூல் மட்டும் கேட்டு வாங்கினார்.

வெளியே வந்து, மதிலோடு காற்றுப்படாமல் நின்று, தீக்குச்சியை உரசினார். நுனியில் சுவாலை பட்டதும் நூல் பயந்ததுபோல் உள்ளே சுருண்டு ஓடியது. ஓடிய இடத்தில் குண்டுமணி அளவில் ஒரு கறுப்பு உருண்டை மிஞ்சியது. ஆறவிட்டு அதை நகத்தால் நசித்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. "மணந்து பார்" என்று நீட்டினார். எரிந்த பொலித்தீன் மணம். கம்பளியாக இருந்தால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும், கரி விரலில் பொடியாக உதிரும். பருத்தியென்றால் கடதாசி எரிந்த மணமும் மெல்லிய சாம்பலும். இப்படி உருகி இறுகுவது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அக்ரிலிக் கெட்ட நூல் என்று நான் சொல்லவில்லை. கழுவச் சுகம், மலிவு, பூச்சி அரிக்காது. அக்ரிலிக்கை அக்ரிலிக் விலைக்கு விற்றால் யாருக்கும் வழக்கில்லை.

நாங்கள் திரும்பிப் போய்ச் சொன்னபோது அந்தத் தம்பி, "பெட்டியில் அப்படித்தான் எழுதி வந்தது அம்மா" என்றான். அவன் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கடையின் பெயரை எழுதவில்லை. அந்தப் பெட்டி எத்தனை கடைகளுக்குப் போயிருக்கிறதோ!

பருத்தி கிடைத்தது பெரியகடைப் பக்கம், இரண்டு பேர் ஒன்றாக நுழைய முடியாத ஒரு கடையில். முதலாளி ஐயா என்னைப் பார்த்து, "எத்தனையாம் இலக்கம் தேடுகிறீர், பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே சின்னம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பருத்தி நூலில் இலக்கம் ஏற ஏற நூல் மெலியும். ஒரு இறாத்தல் பஞ்சிலிருந்து 840 யார் நீளக் கழிகள் எத்தனை வருகின்றன என்பதுதான் அந்த இலக்கம். ஆகவே 40 ஆம் இலக்கம் 20 ஆம் இலக்கத்தைவிட மெலிது. அந்த அளவு மெலிந்த இழைகளைப் பலவாகச் சேர்த்து முறுக்கினால்தான் போர்வைக்கான தடிப்பு வரும். எட்டு இழை முறுக்கிய நூல் ஒன்றை மேல் தட்டிலிருந்து இறக்கினார். முருங்கைத் துளிரின் பச்சை. 50 கிராம் உருண்டைகள். எனக்குப் பத்து வேண்டும். சரியாகப் பத்து இருந்தன.

சின்னம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து லேபிள்களையும் வாசித்தார். நிறத்தின் எண் எல்லாவற்றிலும் ஒன்று. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சாயத் தோய்ச்சலின் எண், அதாவது எந்தத் தடவை தோய்த்த சாயம் என்று சொல்லும் எண், ஏழில் ஒன்று, மூன்றில் வேறு. கடைக் குழல்விளக்கில் பத்தும் ஒரே பச்சை. அவற்றை அள்ளிக்கொண்டு வீதிக்குப் போனார். வெயிலில் வைத்தபோது மூன்று உருண்டைகளில் ஒரு துளி மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தது. "வெயிலில் பார்க்கிற ஆட்களுக்கு நான் வியாபாரம் செய்ய முடியாது" என்று முதலாளி சிரித்துக்கொண்டே அந்த மூன்றுக்கும் விலை குறைத்தார்.

ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் வடபகுதி மணலில் சாயவேர் தோண்டி, அந்த வேரால் துணிக்குச் சிவப்பேற்றினார்கள். ஒரு தொட்டிச் சிவப்பும் அடுத்த தொட்டிச் சிவப்பும் ஒன்றுபோல வராமல் அந்தச் சாயக்காரர்களும் எத்தனை ஏச்சு வாங்கியிருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். தோய்ச்சல் மாறினால் ஒரு வழி உண்டு. இரண்டையும் சேர்க்கும் பகுதியில் ஒன்றில் இரண்டு வரிசை, மற்றதில் இரண்டு வரிசை என்று மாறி மாறிப் பின்னினால் எல்லைக் கோடு தெரியாமல் கரைந்துவிடும். நானும் அப்படித்தான் பின்னிக்கொண்டிருக்கிறேன். ரொறன்ரோவுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

மத்தியானச் சாப்பாடு மலாயன் கபேயில். வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு. எழும்பும்போது இலையை நாமே எடுத்துப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். சின்னம்மா நூல் பையை மடியை விட்டு இறக்காமலே சாப்பிட்டு முடித்தார்.

வந்த வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் சின்னம்மாவுக்கு ஒரு ஆசை மிச்சம் இருந்தது. மீன் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பை. நனைந்தாலும் இற்றுப்போகாத, கழுவி உதறினால் காய்ந்துவிடும் பை. அதற்கு வலை நூல்தான் சரி, வலை நூல் என்றால் குருநகர்தான் என்றார். வலைத் தொழிற்சாலை இருக்கும் இடமாயிற்றே. ஓட்டோ பிடித்தோம்.

வலைச் சாமான் கடைக்குள் தார் மணமும் கருவாட்டு மணமும் கலந்திருந்தன. ஈயக் குண்டுகள் சாக்கில், மிதவைகள் கூரையில் கோவையாக. நைலோன் நூல் பச்சை, நீலம், வெள்ளை என்று சுவர் முழுவதும். முதலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த மீனுக்கு?" என்று கேட்டார்.

"மீன் வாங்கப் போகும் பைக்கு" என்றார் சின்னம்மா.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் 210 இல் 12 எடுங்கோ" என்றார். இங்கே கணக்கு தலைகீழ். 9,000 மீற்றர் இழை 210 கிராம் நிறுத்தால் அது 210 டெனியர். எண் ஏறினால் தடிப்பும் ஏறும். பின்னால் வரும் 12 எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பது. காலையில் ஒரு கடையில் எண் கூடினால் மெலிவு, மாலையில் இன்னொரு கடையில் எண் கூடினால் தடிப்பு. நான் குழம்பி நிற்க, சின்னம்மா அதற்குள் நீலத்தில் ஒரு சுருளைத் தராசில் வைத்துவிட்டார். முதலாளி வெட்டிய நுனியை லைட்டரால் ஒரு முறை தொட்டு உருக்கி அடைத்துக் கொடுத்தார். கஸ்தூரியார் வீதியில் எங்களை எரிச்சலூட்டிய அதே கறுப்பு மணி. இங்கே அதுதான் நூல் பிரியாமல் காக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோர இருக்கை கிடைத்ததும் சின்னம்மா ஊசியை எடுத்தார். இருபாலை தாண்டுவதற்குள் பையின் அடிவட்டம் உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், கை காய்த்துப்போன கடல்காரர், ஆவரங்கால் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் குனிந்தார்.

"கண் பெரிதாக இருக்கிறது அக்கா. இதில் சூடை மாதிரிச் சின்ன மீன் நிற்காது."

"சூடை பையிலிருந்து நீந்தியா போகப் போகிறது?" என்றார் சின்னம்மா.

அவர் நூலை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "210 இல் 12. நல்ல நூல். எங்கே வாங்கினீர்கள்?"

குருநகர் என்று நான் சொன்னேன்.

"இதற்காகவா குருநகர் போனீர்கள்? பருத்தித்துறைத் துறைமுகத்தடியில் எத்தனை சுருள் வேண்டும்?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. வல்லை வெளிக் காற்று வரும் முன்பு நூல் சுருளை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, அடுத்த கண்ணைப் பின்னத் தொடங்கினார்.