டோர்ட்முண்ட், மூன்றாம் மாடி

2 அக்டோபர் 2025, வியாழன்
நானும் மனைவியும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாயிற்று. வீட்டில் விளக்கே இல்லை. கூரையிலிருந்து வயர் தொங்குகிறது, அவ்வளவுதான். இங்கே வீடு காலி செய்பவர்கள் விளக்கையும் கழற்றிக்கொண்டு போவது வழக்கமாம். சமையலறை என்று சொன்ன அறையில் ஒரு தண்ணீர்க் குழாய், நான்கு சுவர். ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியிலிருந்து போர்வையை எடுத்தோம்.

3 அக்டோபர், வெள்ளி
இரண்டு ஜெர்மனிகளும் 1990இல் ஒன்றானதற்கான விடுமுறை. ஒரு கடை கிடையாது. ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும் என்று அவளோடு வேலை பார்க்கப்போகும் மலையாளிப் பெண் சொன்னாள். பால், ரொட்டி, வாழைப்பழம் வாங்கினோம். அம்மா கொடுத்த பருப்புப்பொடி இருக்கிறது, சோறு இல்லை.

5 அக்டோபர், ஞாயிறு
இன்றும் கடைகள் மூடல். நல்லவேளை, நேற்றே பல்பு, மின்சார அடுப்பு, அரிசி எல்லாம் வாங்கிவிட்டோம். முதல் சோறு. இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம், அவ்வளவு பசி.

7 அக்டோபர், செவ்வாய்
முகவரி பதிந்தோம். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். பதிவு அலுவலகத்தில் இருந்த அம்மா எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு அவள் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர். திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பை நீட்டினேன். அவள் ஜெர்மனில் பொறுமையாக விளக்கினாள். நான் படித்த முதல் நிலை ஜெர்மனுக்குப் பாதிதான் பிடிபட்டது. கடைசியாக அவர் சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது: வரி எண் தபாலில் வரும், தபால்பெட்டியில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும்.

9 அக்டோபர், வியாழன்
தபால்பெட்டியில் இன்னும் பழைய ஆள் பெயர். இந்த ஊரில் எல்லாமே தபால்தான். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறு நாளில் வேறு உறையில், மருத்துவக் காப்பீட்டு அட்டை, பான் நகரத்திலிருந்து வரவேண்டிய 11 இலக்க வரி எண். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வீட்டு நிர்வாகத்துக்கு மெயில் போட்டிருக்கிறேன். அதுவரை இருக்கட்டும் என்று ஒரு தாளில் இரண்டு பெயரும் எழுதி ஒட்டினேன்.

10 அக்டோபர்
தாளை யாரோ கிழித்துவிட்டார்கள்.

13 அக்டோபர், திங்கள்
ஆஸ்பத்திரியில் அவளுக்கு முதல் நாள். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு. ஐந்துக்கெல்லாம் கிளம்பிவிட்டாள், கும்மிருட்டு. ஜன்னலில் நின்று தெருமுனை வரை பார்த்தேன்.

16 அக்டோபர், வியாழன்
நான்கு நாளாக வந்ததும் படுத்துவிடுகிறாள். இன்றுதான் வாய் திறந்தாள். நாகர்கோவிலில் ஐசியுவில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். கை நரம்பே தெரியாத குழந்தைக்கும் ஊசி ஏற்றிவிடுவாள், டாக்டர்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே இவளுடைய வார்டில் ஊசிக்குழாய் ஏற்றுவது டாக்டர் வேலை. நர்ஸ் என்றால் நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் சேர்த்துத்தான். ஊரில் அதையெல்லாம் கூட இருக்கும் உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள். படிப்புக்கு இங்கே அங்கீகாரம் கிடைக்கும்வரை அவள் பேட்ஜில் உதவியாளர் என்றுதான் இருக்கும்.

"குளிப்பாட்டறது எனக்குக் கஷ்டமே இல்லங்க. ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சிக்கிட்டு விடவே இல்ல. ஆனா வார்டுல போன் அடிச்சா மட்டும் நெஞ்சு படபடங்குது. ஆளு முகம் தெரியாம இவங்க பேசற ஜெர்மன் எனக்குப் பிடிபடமாட்டேங்குது." பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் அவ்வளவு மதிப்பெண் எடுத்தவள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரசம் வைத்துக் கொடுத்தேன்.

20 அக்டோபர், திங்கள்
தீபாவளி. அவளுக்கு மதிய ஷிஃப்ட். காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அம்மா வீடியோவில் வெடிச்சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

22 அக்டோபர்
நிர்வாகம் பெயர் ஒட்டிவிட்டது. அவள் பெயர் மட்டும். வாடகை ஒப்பந்தம் அவள் பேரில்தானே என்கிறார்கள். கோபத்தில் சாப்பிடப் பிடிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில் நானும்தான் இருக்கிறேன். மறுபடி மெயில்.

26 அக்டோபர், ஞாயிறு
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஊருக்கும் எங்களுக்கும் இனி நாலரை மணி நேரம் வித்தியாசம்.

ஹம் என்ற ஊருக்குப் போனோம். 58 யூரோ மாத டிக்கெட்டிலேயே ரயிலும் பேருந்தும் அடங்கிவிடுகிறது. தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் திடீரென்று ராஜகோபுரம்! 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில். எண்பதுகளில் போருக்குத் தப்பி இந்தப் பக்கம் வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. கையில் ஒன்றுமில்லாமல் வந்து, இதையும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அவள் சன்னதியில் நின்று அழுதாள். நான் தடுக்கவில்லை, அவளுக்கு அது வேண்டியிருந்தது.

ஒரு அக்கா பக்கத்தில் வந்து, "எப்ப வந்தனீங்கள்? சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்றார். அவருடைய அண்ணன் டோர்ட்முண்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஆள் தேவை. அடுத்த கேள்வி: "தம்பிக்கு வரி நம்பர் வந்திட்டுதோ?"

29 அக்டோபர்
பெட்டி காலி.

1 நவம்பர், சனி
மறுபடி விடுமுறை, கல்லறைகளுக்குப் போகும் நாளாம். அவள் தூங்குகிறாள். அந்தப் பாட்டி நேற்று இறந்துவிட்டார். உடலைத் துடைத்து உடை மாற்றிவிட்டதும் இவள்தான்.

4 நவம்பர், செவ்வாய்
ஒருவழியாக என் பெயரும் பெட்டியில் ஏறியது.

6 நவம்பர், வியாழன்
என் பெயருக்கு முதல் கடிதம்! படியிலேயே பிரித்தேன். ரேடியோ, டிவி கட்டணம். மாதம் 18.36 யூரோ, வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவளுக்கும் அதே கடிதம். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், அதைப் பதில் எழுதிச் சொல்ல வேண்டும். கூடவே அவளுடைய வரி எண்ணும் வந்திருக்கிறது. எனக்கு இல்லை. பெட்டியில் பெயர் இல்லாத நாட்களில் திரும்பிப் போயிருக்கும்.

7 நவம்பர், வெள்ளி
எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பித்தேன். ஃபோனிலோ மெயிலிலோ சொல்லமாட்டார்கள், தபால் மட்டும்தான். நான்கு வாரம்வரை ஆகலாம். கடைக்கார அண்ணனிடம் போனில் சொன்னேன். "பார்ப்பம் தம்பி" என்றார். அதுவரை வேறு யாரையும் சேர்க்காமல் இருக்க வேண்டும்.

10 நவம்பர், திங்கள்
இன்று வார்டு போனை அவள் எடுத்துவிட்டாள்! பக்கத்தில் வேறு யாரும் இல்லை, அடித்துக்கொண்டே இருந்ததாம். ஸ்கேனுக்கு ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். அறை எண்ணை இரண்டு தடவை கேட்டு, எழுதி, சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறாள். சாயங்காலம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாளையிலிருந்து அவளுக்கு இரவு ஷிஃப்ட். இரவில் போன் அடித்தால் எடுப்பது அவள்தான்.