வடலி ஓலையும் பனம்பூக் கரியும்: ஒரு கார்த்திகை நாட்குறிப்பு

2023 நவம்பர் 13, திங்கள்

தீபாவளிக்கு மறுநாளும் அரசு விடுமுறை விட்டுவிட்டதால், செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மாமனார் வீட்டிலிருந்து இன்று மாலைதான் தாம்பரத்துக்குத் திரும்பினோம். புறப்படும் முன் திண்ணையில் கார்த்திகைப் பேச்சு வந்தது. இந்த ஆண்டு தீபம் நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையன்று வருவதால் அனைவரும் ஊரிலேயே கூடிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அப்போதுதான் நெடுநாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன்: "இந்த வருஷம் எங்க ஊரு ஓலைக் கொழுக்கட்டையும் செய்யலாமா அத்தை?"

அத்தை சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் கார்த்திகை என்றால் நெல்பொரி உருண்டை, அடை, பிறகு பிள்ளைகளுக்கு மாவலி, அதாவது சுழற்றினால் பொறி சிதறும் கரிப் பொட்டலம். அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. "செய்யேன், யாரு வேணாம்னாங்க? ஓலைய யாரு வெட்டறதுன்னு மாமாவ கேட்டுக்கோ" என்றார்.

மணமாகிப் போன பெண் பிறந்த வீட்டு வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பண்டிகையன்று அவள் எந்த வீட்டு அடுப்படியில் நிற்கிறாள் என்பதே அதை முடிவு செய்துவிடுகிறது. என் பிள்ளைகள் இருவருக்கும் மாவலி சுற்றத் தெரியும். நான் பிறந்த உடன்குடியில் கார்த்திகையன்று தெருவெல்லாம் வெந்த பனை ஓலை மணக்கும் என்பதோ, அவர்களுக்கு நான் சொல்லிக் கேட்ட கதை மட்டுமே. கோயில்பட்டி தாண்டிய பிறகு கார்த்திகைக்குக் கொழுக்கட்டை, விழுப்புரம் பக்கம் மாவலி என்று அவர்கள் பொது அறிவுப் பாடம்போல ஒப்பிப்பதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நவம்பர் 18, சனி

காலையிலேயே ஊருக்கு வந்துவிட்டோம். அம்மா அனுப்பிய கருப்பட்டியும் வந்து சேர்ந்திருந்தது. பதநீர்க் காலம் ஆனியோடு ஏறக்குறைய முடிந்துவிடும் என்பதால், அப்போதே வாங்கிப் பரணில் வைத்திருந்த கருப்பட்டி இது. கடையில் கருப்பட்டி என்ற பெயரில் விற்கும் பலவற்றில் பாதிக்குமேல் சீனிதான் என்பது அம்மாவின் உறுதியான கருத்து. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதையும் அவர் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

மாவலிக்கான வேலையை மாமா தொடங்கிவிட்டார். கோடையில் ஆண்பனையிலிருந்து உதிர்ந்து காய்ந்த பனம்பூவைப் பொறுக்கி, மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு அடியில் சாக்கில் கட்டி வைத்திருந்தார். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் பூவைப் போட்டுப் பற்றவைத்து, நன்றாகக் கனன்றதும் மண்ணைத் தள்ளி மூடினார். மூடுவதற்குத் தாமதமானால் எல்லாம் சாம்பலாகிவிடும், முந்திக்கொண்டால் பாதிப் பூ கருகாமல் நின்றுவிடும். அந்தப் பதத்தை மாமா புகையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார். என் கணவருக்கு இது இன்னும் கைவரவில்லை. மகள் கைப்பேசியில் படம் பிடித்ததை விட, குழியை மூடும்போது மண்வெட்டியைப் பிடித்ததுதான் எனக்கு நிறைவாக இருந்தது.

பிறகு ஓலைக்காக ஏரிக்கரைக்குப் போனோம். உயர்ந்த மரத்தில் ஏற ஆள் தேட வேண்டியதில்லை, வடலி எனும் இளம்பனையிலேயே குருத்து எட்டும் என்று நான் சொன்னது மாமாவுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் வடலிகளே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. ஒரு வடலியில் ஒரு குருத்தோலைக்கு மேல் வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்பதால், கரையின் கோடி வரை நடந்தோம். அவர் சிறுவராக இருந்தபோது இந்தக் கரையில் வரிசையாக நின்ற பனைகள் செங்கல் சூளைக்குப் போய்விட்டனவாம். அதிலும் ஆண்பனைதான் முதலில் விழும். நுங்கு தராத மரத்தால் என்ன பயன் என்பது வெட்டுபவர்களின் கணக்கு. பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்று அரசு 2021இல் அறிவித்தது. இந்தக் கரையைப் பொறுத்தவரை அது காலம் கடந்து வந்த அறிவிப்பு.

கிழங்கு போடுவதற்காக ஆவணியிலிருந்து கிணற்றடியில் குவித்து வைத்திருந்த பனங்கொட்டையில் ஒரு மூட்டையைத் தரச் சொல்லி என் கணவர் கேட்டார். பிள்ளைகளுடன் கரையோரமாகப் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தோம். தான் போட்டது ஆண்பனையா பெண்பனையா என்று மகன் கேட்டான். பூக்கும் வரை எவராலும் சொல்ல முடியாது, பூக்கவோ பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும் என்று தாத்தா சொன்னதும், ஒன்பது வயதுக்காரன் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டான். ஆண்டுதோறும் கார்த்திகைக்கு ஓலை வெட்ட வருபவர் கொட்டை புதைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டோம். விதியை முன்மொழிந்தவள் மகள்.

நவம்பர் 25, சனி

கரி திருத்தமாக வந்திருந்தது. இடித்துச் சலித்து, மாமாவின் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, இறுகச் சுற்றித் தைத்தோம். தையல் தளர்ந்தால் பொறி கொட்டாமல் கரி மொத்தமாகச் சரிந்துவிடும். பச்சை மட்டையைப் பிளந்து, நடுவே பொட்டலத்தைச் செருகிக் கட்டுவதை மட்டும் ஆண்கள் மற்றவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு, திருக்கார்த்திகை

பச்சரிசியை ஊறவைத்து இடித்து, மாவை இளஞ்சூட்டில் வறுத்தேன். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டிப் பாகாக்கி, சிறுபருப்பை வறுத்து அரைவேக்காடாக எடுத்து, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்தேன். அதுவரை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துக் கொண்டுவந்து, என்னைக் கேட்காமலே மாவில் கொட்டினார். திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் மணிலாக்கொட்டை இல்லாமல் ஒரு பலகாரம் முழுமையாவதில்லை. நானும் தடுக்கவில்லை.

ஓலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மடிப்புக்குள் மாவை அடைத்து, ஓலை நாராலேயே கட்டி, இட்லிப் பானையின் அடியில் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். ஆவி எழுந்ததும் எங்கள் ஊர் அப்படியே அந்த அடுப்படிக்கு வந்துவிட்டது. அந்த மணத்தை அதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை. வெந்ததைப் பிரித்தால் கொழுக்கட்டையின் முதுகில் ஓலையின் நரம்புகள் கோடுகோடாகப் பதிந்திருக்கும். சுவையைக் காட்டிலும் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்ப்பதில்தான் மகனுக்கு ஆர்வம். அத்தை ஒன்றைத் தின்றுவிட்டு, கருப்பட்டி தூக்கலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். சற்றுப் பொறுத்து இரண்டாவதை எடுத்தார்.

மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் 2668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகே இந்த வீட்டில் அகல் ஏற்றுவார்கள். வாசல், மாடக்குழி, கிணற்றடி, தொழுவம் என்று எல்லா இடத்திலும் விளக்கு வைத்து முடித்து, மாவலியோடு ஏரிக்கரைக்குப் போனோம். நுனியில் நெருப்புத் துண்டை வைத்து ஊதி, தலைக்கு மேல் சுழற்றியதும் பொறி வட்டமாகச் சிதறியது. முதல் சுற்றை எப்போதும் வீட்டின் மூத்த ஆண்தான் சுற்றுவது வழக்கம். இந்த முறை மாமா கயிற்றை என் மகள் கையில் கொடுத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆண்பிள்ளைகள் மாவலி சுற்றுவதை வேடிக்கை பார்த்தே வளர்ந்த என் நாத்தனார், அடுத்ததாகத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய முந்தானையில் பொறி பட்டு விழுந்த ஓட்டையைப் பற்றி இரவு முழுக்கப் பேச்சு.

கரையில் நின்றபடியே அம்மாவைக் கைப்பேசியில் அழைத்துக் காட்டினோம். அவர் பார்த்தது மாவலியை அல்ல. மகன் கையிலிருந்த கொழுக்கட்டையை. "அது என்னட்டி உள்ள வெள்ளையா? கடலையா? ஓலைக் கொழுக்கட்டையில யாராவது கடலை போடுவாங்களா?" என்றார். அத்தை கைப்பேசியை வாங்கி, "நாங்க போடுவோம் சம்பந்தி" என்றார்.

நவம்பர் 28, செவ்வாய்

நேற்றுக் குப்பைக் கார்த்திகை. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்ததால் ஞாயிறு இரவே திரும்பிவிட்டோம். எருக்குழி மேட்டில் அத்தை தனியாக விளக்கு வைத்துவிட்டுத் தகவல் சொன்னார். பயிருக்குப் போகும் குப்பைக்கும் ஒரு விளக்கு உண்டு என்ற இந்த வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. மாடியில் காய்கறிக் கழிவை மக்கவைக்கும் தொட்டியின் விளிம்பில் மகள் ஓர் அகலை வைத்தாள். மாடி வீட்டுக்குக் குப்பைக் கார்த்திகை இப்படித்தான் இருக்க முடியும், இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி ஆண்டுப் பிறப்பு. மாமா புதுப் பஞ்சாங்கத்தைப் படிக்கும்போது, கார்த்திகை எப்போது என்று பிள்ளைகள் இடையில் புகுந்து கேட்டார்கள்: டிசம்பர் 13, வெள்ளி. அரையாண்டுத் தேர்வோடு மோதும்போல் தெரிகிறது. ஞாயிறன்று வைத்துக்கொண்டால் என்ன என்று என் கணவர் சொன்னதை அத்தை காதில் வாங்கவே இல்லை. எனக்கும் அவர் பக்கம்தான் சரியென்று படுகிறது. வசதிப்படி நாளை மாற்றத் தொடங்கினால், அடுத்து வேறொன்று மாறும். அன்று மாலை பள்ளி விட்டதும் புறப்பட்டால், அகல் ஏற்றத் தாமதமானாலும் மாவலிக்குப் போய்விடலாம்.

ஏரிக்கரையில் புதைத்தவற்றில் எதுவும் இன்னும் தலைகாட்டவில்லை. பனை முதலில் கீழேதான் இறங்கும், மண்ணுக்குள் கிழங்கு ஊன்றிய பிறகே ஓலை மேலே வரும் என்று மாமா சமாதானம் சொன்னாலும், மகன் ஒன்றைத் தோண்டிப் பார்த்தே தீருவேன் என்று நின்றான். அதற்காகவே கிணற்றடிக் குவியலிலிருந்து ஒரு கொட்டையைத் தோண்டிக் காட்ட வேண்டியதாயிற்று.

இந்த ஆண்டுக் கார்த்திகைக்கு அம்மாவும் அப்பாவும் செஞ்சிக்கே வருகிறார்கள். கடலை போடாத கொழுக்கட்டை ஒரு பானை தனியாக வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் இரண்டாவது இட்லிப் பானையை நான்தான் தாம்பரத்திலிருந்து சுமந்து வர வேண்டுமாம்.