ஆசானும் பழக வேண்டும்: இங்கிலாந்துக்கு வந்த சிலம்பக்காரர்களுக்கு

இங்கே மாணவர் கிடைப்பது கடினமே இல்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் கம்பு சுற்றிக் காட்டினால் போதும். மேடையை விட்டு இறங்குவதற்குள் பெற்றோர் நாலு பேர் போன் நம்பர் கேட்டு நிற்பார்கள். அடுத்த மாதமே பத்துப் பிள்ளைகளோடு வகுப்பு நடக்கும். வெளியில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் இழப்பு ஒன்று உண்டு. ஊரில் தினமும் கம்பு எடுத்தவர், இங்கே வகுப்பு நாளில் மட்டும் எடுக்கத் தொடங்குகிறார். ஆசானாக நீடிக்கிறார், பழகுவதை நிறுத்திவிடுகிறார்.

வகுப்பு எடுப்பதே பயிற்சிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பில் வணக்கம், உடல் தளர்த்தல், காலடி, ஒற்றை வீச்சு, இரட்டை வீச்சு. பிள்ளைகள் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பாதி வேகத்தில், பெரும்பாலும் வலக்கையில், உடம்பு சூடாவதற்கு முன்பே செய்து காட்டுகிறீர்கள். ஆரம்பப் பாடம் ஆயிரம் தடவை ஓடுகிறது. பின்னல் வீச்சு, கம்பு மாற்றிப் பிடித்தல், அறுத்து உள்ளே நுழைதல், பூட்டு, குத்துவரிசை எனும் வெறுங்கைப் பாடத்தின் பின்பகுதி ஆகியவை ஆறு மாதமாகக் கை படாமல் கிடக்கின்றன. இவற்றில் முதலில் போவது நேரக்கணிப்பு. சரிசமமான எதிராளி இல்லாமல் அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்து இடக்கை. வரிசைகளின் ஒழுங்கு கடைசியில்தான் மறக்கும். வரிசை நினைவில் இருக்கிறதே என்ற தைரியத்தில், மற்ற இரண்டும் போனது பல வருடங்களுக்குத் தெரியாமலே போகிறது.

ஆகவே வகுப்பு தொடங்கும் முன் உங்கள் சொந்தப் பயிற்சிக்கு இடமும் நேரமும் கம்பும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மூன்றிலுமே ஊருக்கும் இங்குக்கும் வித்தியாசம் பெரிது.

இடத்திலிருந்து தொடங்கலாம். இங்குள்ள வீடுகளின் உள்கூரை ஏறக்குறைய 2.4 மீட்டர்தான். புருவ உயரக் கம்பு சுமார் 1.6 மீட்டர். நடுவில் பிடித்து நெஞ்சுக்கு நேரே சுற்றினால் மேல்முனை 2.1 மீட்டர் வரை போகும், தப்பிக்கலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினால் 2.8 மீட்டர் வேண்டும், விளக்கு உடையும். அதனால் வீட்டில் நீளக் கம்பை எடுக்காதீர்கள். மூன்று சாண் கம்பும், கம்பில்லாத காலடியும், குத்துவரிசையும் வீட்டுக்குப் போதும். பின்னங்கால் திருப்பத்தைச் சுவரில் ஒரு கை வைத்து மெதுவாக ஐம்பது தடவை செய்தால், நிறைந்த மைதானத்தில் அவசரமாகச் செய்யும் முந்நூறுக்குச் சமம். கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்கும் என்பதால் குதிப்பு வேண்டாம்.

நீளக் கம்புக்குப் பூங்கா. கோடையில் லண்டனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் காலை எட்டுக்குத்தான் விடியும், மாலை நாலுக்கு முன்பே இருட்டிவிடும். வேலைக்குப் போகிறவருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை சனி, ஞாயிறு பகல் மட்டுமே மிச்சம். பயிற்சி அறுந்துபோவது இந்த நாலு மாதத்தில்தான். அந்த இரண்டு பகலில் ஒன்றையாவது வகுப்புக்குக் கொடுக்காமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் கை விறைத்தால் கம்பு நழுவும், நழுவக்கூடாது என்று இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கிய பிடியோடு மணிக்கட்டைச் சுழற்றினால் முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் வலி பிடிக்கும், அது மாதக்கணக்கில் போகாது. கனமான கையுறை பிடியைக் கெடுக்கும். விரல் நுனி திறந்த மெல்லிய கையுறை பரவாயில்லை. கம்பு எடுப்பதற்கு முன் பதினைந்து இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். ஊரில் வெயில் செய்துகொடுத்த வேலை அது.

தரையும் மாறுகிறது. மண்தரையில் கால்விரல் ஊன்றித் திரும்பிப் பழகியவர், பள்ளிக்கூட ஹாலின் பாலிஷ் போட்ட மரத்தரையில் வெறுங்காலோடு திரும்பினால் அதிகமாகச் சறுக்குவார். ரப்பர் அடி ஷூ போட்டால் நேர் எதிர்: பாதம் தரையைக் கவ்விக்கொள்ளும், மேலுடம்பு திரும்பும், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். இங்கே வந்து முழங்கால் கெட்டுப்போன ஆசான்களில் பலருக்குக் காரணம் இதுதான். வெறுங்கால் அல்லது வழவழப்பான அடியுள்ள மெல்லிய ஷூ, குதிகாலைச் சற்றே தூக்கிய திருப்பம். காலடியின் அளவை ஓரிரு விரற்கடை குறைத்துப் பழகினால் மரத்தரைக்கு உடம்பு பழகிவிடும்.

இனிக் கம்பு. தோட்டக் கடைகளில் செடிக்கு முட்டுக் கொடுக்க விற்கும் மூங்கில் வேண்டவே வேண்டாம். சுவர் மெல்லியது, கணுவுக்கு நடுவே நீளவாக்கில் பிளந்து சிராய் முகத்தை நோக்கிப் பறக்கும். கராத்தே கடைகளில் கிடைக்கும் ஆறடிக் கட்டை நல்ல மரம்தான், ஆனால் கனம் அதிகம், 1.8 மீட்டர் நீளம். அதை உங்கள் புருவ உயரத்துக்கு அறுத்தாலும் வீச்சின் வேகம் குறையும், தோள் பழிவாங்கும். ஊரிலிருந்து மூங்கிலோ பிரம்போ நாலைந்து கொண்டுவருவதே நல்லது. விமானத்தில் கையோடு எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். நீளம் கூடிய விளையாட்டுப் பொருளாகச் சரக்கறையில் போட முன்கூட்டியே பதிய வேண்டும். எல்லாக் கம்பையும் ஒன்றாகக் கட்டி, தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரு முனைக்கும் துணி அடைத்தால் முனை சிதையாமல் வரும்.

வந்த பிறகு கம்புக்கு எதிரி குளிர்கால ஹீட்டர். ரேடியேட்டர் ஓடும் அறையின் காற்று வறண்டுபோகிறது, மூங்கில் கணுவருகே மயிரிழைபோல் வெடிக்கும். கம்பை ரேடியேட்டரிலிருந்து தள்ளி, படுக்கை வாக்கில் வையுங்கள். சாய்த்து நிறுத்தினால் வளையும். மாதம் ஒருமுறை நல்லெண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ தொட்டுத் தேய்த்து, அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாமல் விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பு கம்பின் முழு நீளத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற வெடிப்பு இருந்தால் அந்தக் கம்பு அன்றோடு ஓய்வு.

கம்பைத் தெருவில் எடுத்துப் போவது பற்றி நிறையப் பேருக்குப் பயம். இங்கே 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி, காயப்படுத்துவதற்காகச் செய்த, மாற்றியமைத்த, அல்லது அந்த எண்ணத்தோடு வைத்திருக்கும் பொருள் ஆயுதம். வெறும் மூங்கில் கம்பு அந்த வரையறைக்குள் தானாக வந்துவிடாது. ஆனாலும் பைக்குள் போட்டு, வீட்டிலிருந்து வகுப்புக்கு நேராகப் போய் நேராக வாருங்கள். வகுப்பு அட்டவணையோ ஹால் ரசீதோ போனில் இருக்கட்டும். பூண் போட்ட கம்பு, மான்கொம்பு, வாள், சுருள்வாள் இவற்றின் கதை வேறு. 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் அலகுள்ள வளைந்த வாளை இறக்குமதி செய்வதற்கே 2008 முதல் தடை இருக்கிறது, விதிவிலக்குகள் குறுகலானவை. அலகுள்ள எதையும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பாடங்களை ஊருக்குப் போகும்போது பழகிக்கொள்ளலாம், இங்கே மரத்தால் செய்த மாதிரி போதும்.

விசாவைப் பலர் கவனிப்பதில்லை. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, தொழில்முறை விளையாட்டு வீரராகவோ விளையாட்டுப் பயிற்றுநராகவோ வேலை செய்யவும் கூடாது. விசாதாரரைச் சார்ந்து வரும் துணைவருக்கான டிபென்டென்ட் விசா உட்பட வேறு சில வகைகளிலும் இந்த விளையாட்டு வேலைத் தடை எழுதியிருக்கும். கட்டணம் வாங்கும் முன் உங்கள் இ-விசாவின் வேலை நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் போங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். சுயதொழிலுக்கு அனுமதி உள்ளவர், ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு வகுப்பு என்றால் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிப் பயிற்சி, பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி மூன்றும் வேண்டும். பிள்ளைகளோடு பணிபுரிவோருக்கான உயர்நிலைச் சரிபார்ப்பு ஓர் அமைப்பின் வழியாகத்தான் நடக்கும், எனவே தமிழ்ப் பள்ளி அல்லது சங்கத்தோடு சேர்ந்து எடுங்கள். அது வெளிநாட்டுக் குற்றப் பதிவுகளைக் காட்டாது என்பதால் ஊரிலிருந்து போலீஸ் நற்சான்றும் கேட்பார்கள். கிளம்பும் முன்பே வாங்கி வைத்தால் அலைச்சல் மிச்சம். காப்பீட்டில் ஒரு பொறி உண்டு: பல பாலிசிகள் வெறுங்கைப் பயிற்சியை மட்டும் ஏற்று, ஆயுதப் பயிற்சியை விலக்கிவைக்கும். கம்புப் பயிற்சி, இருவர் மோதும் பயிற்சி இரண்டும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். நிலை சரியில்லாத காலைக் கம்பால் தட்டித் திருத்தும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே அது புகாராகும், வேலை போகும். திருத்தத்தை வாயால் சொல்லவும், தரையில் டேப் ஒட்டிக் காட்டவும் பழகும்போது உங்கள் சொந்தப் புரிதலும் கூர்மையாகிறது.

ஹாலுக்குள் எத்தனை பேர் என்பதும் அளவுக் கணக்குதான். ஒரு பேட்மின்டன் ஆடுகளம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். நடுப்பிடியில் சுற்றும் பெரியவர் ஒருவருக்கு மூன்று மீட்டர் விட்டம் தேவை, அதாவது ஒரு களத்தில் எட்டுப் பேர். முனையைப் பிடித்து நீள வீச்சு என்றால் நாலு மீட்டருக்கு மேல், மூன்று பேர்தான். இதை மீறிப் பதினைந்து பேரை நிறுத்தினால் பல் உடையும். கோடையில் ஆறு வாரம் பள்ளி விடுமுறை, பல ஹால்கள் பூட்டியிருக்கும். வகுப்புக்கு அது இழப்பு. உங்கள் பயிற்சிக்கு அதுதான் அறுவடைக் காலம்.

எதிராளி இல்லாத குறைக்கு வழி, வேறொரு கம்பு அல்லது வாள் கலையில் கடைநிலை மாணவராகச் சேர்வது. பிலிப்பைன்ஸின் எஸ்கிரிமா, ஜப்பானின் கெண்டோ, ஐரோப்பியப் பழைய வாள்வீச்சு ஆகியவற்றுக்கு இந்நாட்டின் பெரிய நகரங்களில் குழுக்கள் உண்டு. ஊரில் ஆசான் என்று வணங்கப்பட்டவருக்கு, இருபது வயதுப் பெண் நின்று காலை எங்கே வைப்பது என்று சொல்லித்தருவது முதலில் சுருக்கென்று இருக்கும். அது நல்லது. தூரக்கணிப்பும் நேரக்கணிப்பும் அங்கே மீளும், உடம்புக்கு அறிமுகமில்லாத அடி வரும். சேர்ந்ததும் உங்கள் சிலம்பப் பெருமையைச் சொல்லாமல், அவர்கள் முறைப்படியே ஆறு மாதம் செய்யுங்கள். உடனே கலந்து ஒரு புதுப் பாணி உருவாக்கும் ஆசை வரும், அதை ஒத்திப்போடுங்கள்.

கெண்டோவைக் கவனித்துப் பார்க்கலாம். ஏழாம் நிலைக்கு (டான்) பிறகு பத்து வருடம் பழகி, 46 வயதும் நிறைந்தால்தான் எட்டாம் நிலைத் தேர்வுக்கே உட்கார முடியும். ஜப்பானில் நடக்கும் அந்தத் தேர்வில் நூறில் ஒருவர் தேறினால் அதிகம். தோற்றவர்கள் அறுபதிலும் எழுபதிலும் மறுபடி வருகிறார்கள். டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவோனின் விதிப்படி முதல் நிலையிலிருந்து ஒன்பதாம் நிலைக்கு இடைப்பட்ட காத்திருப்புக் காலங்களைக் கூட்டினாலே 38 வருடம் ஆகிறது. சிலம்பத்தில் எல்லோரும் ஏற்கும் ஒரே தரநிலை இல்லை. இங்கே ஹால் மேலாளர் முதல் பெற்றோர் வரை 'என்ன பெல்ட்?' என்று கேட்பார்கள். காசுக்குக் கிடைக்கும் கறுப்புப் பட்டையை வாங்கி அந்தக் கேள்வியை அடைக்காதீர்கள். உங்கள் ஆசான் யார், எந்த ஊர், எத்தனை வருடம், எந்தெந்தப் பாடம் முடித்தீர்கள், எதற்குக் கற்பிக்கும் அனுமதி கொடுத்தார் என்று ஒரு பக்கத்தில் எழுதி அவரது கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கற்காத பாடத்தையும் அதில் எழுதுங்கள். இனிப் பழக வேண்டியவற்றின் பட்டியல் அதுதான்.

ஆசான் உயிரோடு இருக்கும்வரை அவரிடம் திருத்தம் வாங்குங்கள். நேரலை வீடியோவில் எண்ணிக்கை சொல்லிப் பழக முடியாது, சத்தம் பிந்தி வரும். பதிவு செய்து அனுப்புவதே சரி. கேமராவை ஐந்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், பாதம் முழுவதும் தெரியும்படி வையுங்கள். அதே வரிசையை முன்னிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை. விநாடிக்கு 30 ஃபிரேமில் கம்பு மங்கலான விசிறியாகத்தான் தெரியும், 60க்கு மேல் வைத்தால் மணிக்கட்டு எப்போது திரும்புகிறது என்று ஆசானால் பார்க்க முடியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் அனுப்பாதீர்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அங்கே காலை பத்தரை என்றால் இங்கே குளிர்காலத்தில் காலை ஐந்து, கோடையில் ஆறு. ஞாயிறு அதிகாலை இருவருக்கும் ஒத்துவரும்.

நேரில் போகும்போது விடுமுறையைக் கல்யாணங்களும் உறவினர் வீடுகளும் தின்றுவிடும். டிக்கெட் போடும்போதே தொடர்ச்சியாகப் பத்து விடியற்காலைகளை ஆசானுக்கென்று ஒதுக்கி, வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் வெறும் காலடி, வெயிலுக்கும் மண்ணுக்கும் உடம்பு திரும்ப வேண்டும். பொன்னாடை, போட்டோ, மாணவர்கள் முன் செய்துகாட்டல் எல்லாம் கடைசி நாளுக்கு. நடுவிலுள்ள ஏழு நாளில் மூன்று திருத்தங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் எடுத்தால் திரும்பி வந்ததும் எல்லாம் கலந்துவிடும். அன்றன்றே நோட்டில் எழுதுங்கள்: எந்தக் கால் முன்னே, கம்பின் எந்தப் பங்கில் பிடி, மூச்சு எப்போது. ஆசான் மறைந்துவிட்டால், அவரிடம் முன்னால் பழகிய மூத்தவர்களைத் தேடிப் போங்கள். ஒரே பாடத்தை இரண்டு மூத்தவர்கள் வேறு மாதிரி காட்டினால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

நாற்பது தாண்டியவர்கள் தோளைக் கவனியுங்கள். தலைக்கு மேல் சுற்றும் வீச்சை வாரத்தில் எல்லா நாளும் செய்யாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்யுங்கள். இடைநாளில் ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்புறமாக இழுங்கள், பதினைந்து வீதம் மூன்று சுற்று. ஐம்பதுக்குப் பிறகு ஆழமாக அமரும் நிலைகளின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆனால் இடக்கையையும் இணையோடு பழகுவதையும் குறைக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த திருத்தத்தை வந்த வாரமே மாணவர்களுக்குச் சொல்லிவிடத் துடிப்பு இருக்கும். மூன்று மாதம் தனியாகச் செய்து, அரைத் தூக்கத்திலும் சரியாக வருகிறது என்ற பிறகு வகுப்பில் சேருங்கள். அதற்குள் சேர்த்தால், உங்கள் பாதித் திருத்தம் பத்துப் பிள்ளைகளின் முழுத் தவறாகிவிடும்.