அதிர்வலையை முந்த முடியாத விமானம்

பதினோராம் வகுப்புக்கு அலைகள் பாடம் எடுக்கும்போதெல்லாம் 1961 அக்டோபர் 30 அன்று ரஷ்யாவின் வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள நோவாயா செம்லியா தீவுக்கூட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆந்திரேய் துர்னோவ்த்சேவ் ஓட்டிய சோவியத் டியூ-95 விமானம், சுமார் 10,500 மீட்டர் உயரத்திலிருந்து ‘ஜார் பாம்பா’ என்ற ஹைட்ரஜன் குண்டைப் போட்டது. 27 டன் எடை, ஐந்து கோடி டன் டிஎன்டி வெடிமருந்தின் சக்தி.

வெடிப்பு காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டு வரும் அதிர்வலையிடமிருந்து வேகமாகப் பறந்து தப்பிவிடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாது. விமானம் நொடிக்கு 240 மீட்டர் போகும். அதிர்வலையோ போகப்போகத் தளர்ந்தாலும் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்காது. அந்த உயரத்துக் குளிரில்கூட ஒலியின் வேகம் நொடிக்கு 300 மீட்டர். அலை எப்படியும் பிடித்துவிடும். எங்கே வைத்துப் பிடிக்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அதனால்தான் குண்டுக்குப் பெரிய பாராசூட் கட்டினார்கள். அது இல்லாவிட்டால் 4,000 மீட்டர் உயரத்தில் வெடிக்க வேண்டிய குண்டு நாற்பது நொடி வாக்கில் அங்கே வந்துவிடும். விமானத்தின் வேகம் குண்டுக்கும் இருப்பதால், நேராகப் பறக்கும் விமானத்துக்கு ஏறக்குறைய அடியிலேயே வெடிக்கும்! பாராசூட் மூன்று நிமிடத்துக்கு மேல் வாங்கித் தந்தது. வெடித்தபோது விமானம் 45 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. முதலில் வந்தது ஒளியும் வெப்பமும். அதற்காகவே விமானத்துக்கு வெள்ளை பெயின்ட் பூசியிருந்தார்கள்.

அலை எட்டிப் பிடித்தது 115 கிலோமீட்டரில் என்கிறார்கள். இதைப் பிள்ளைகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். மீதி 70 கிலோமீட்டரை விமானம் கடக்க ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதே நேரத்தில் அலை 115 கிலோமீட்டர் வந்திருக்கிறது. சராசரி நொடிக்கு 390 மீட்டருக்கு மேல். ஒலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு தூரத்தில் அலை எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அப்புறம் இன்னொன்று. அதிர்வலை கடந்ததும் காற்றும் அதே திசையில் நகரும். வால் பக்கமிருந்து அந்தக் காற்று வீசினால், இறக்கைமேல் ஓடும் காற்றின் வேகம் சட்டென்று குறையும். தூக்கிப் பிடிக்கும் விசையும் குறையும். துர்னோவ்த்சேவின் விமானம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கியது. அதை நிமிர்த்திப் பத்திரமாகத் தரையிறக்கினார். எதிர்த்திசையில் அலை மோதியிருந்தால் அந்த விசை ஒரே நொடியில் எகிறியிருக்கும், முழுப் பாரமும் இறக்கை விமானத்தின் உடலோடு சேரும் இடத்தில் விழும். அந்தப் படத்தை மட்டும் கரும்பலகையில் வரைந்து, அம்புக்குறிகளைப் பிள்ளைகளையே போடச் சொல்கிறேன்.