ஊதாப்பூவும் ஈரப் பத்திரிகையும்

கண்டியில் ஏறிய ரயில் பட்டிப்பொலவில் இறக்கிவிட்டபோது பத்தடி தள்ளி நின்ற நண்பனே தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம். 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும் இதுதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கூட இறங்கியவர்கள் ஹோட்டன் சமவெளிக்கு வான் பிடித்தார்கள். நாங்கள் போகவில்லை. 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் அங்கே அனுமதியில்லாமல் ஓர் இலையைக்கூடக் கிள்ள முடியாது. நண்பனுக்குத் தெரிந்த ஒருவரின் லீக்ஸ் தோட்டத்து வரப்பு எங்களுக்குப் போதும். அவரிடம் முன்பே கேட்டுவைத்திருந்தோம்.

தாவரவியல் படித்தவன் அவன். நான் சுமைதூக்கி, கூடவே குறிப்பு எழுதுபவன். செடிகளைத் தாளுக்கிடையே அழுத்தி, ஈரம் உறிஞ்ச வைத்து உலர்த்திச் சேகரிக்க வந்திருந்தோம். அதற்காக முதுகில் இரண்டு மரச் சட்டங்கள், இறுக்கும் பட்டிகள், அட்டைகள், ஒரு கட்டுப் பழைய வீரகேசரிப் பத்திரிகை.

வரப்பில் பினர பூத்திருந்தது. சிங்கள மாதமான பினரவில், செப்டெம்பர் வாக்கில், பூப்பதால் அந்தப் பெயர். ஊதா இதழ்கள் ஐந்து. நடுவில் மகரந்தப்பைகள் குட்டி வாழைச் சீப்பைப் போல மஞ்சளாக வளைந்திருந்தன. நண்பன் லென்ஸை நீட்டினான். ஒவ்வொரு பையின் நுனியிலும் ஊசி குத்தியது போல ஒரு துளை. தேனீ பிடித்து உலுக்கினால் அதன் வழியே மகரந்தம் கொட்டுமாம்.

ஒரு கிளையை வெட்டித் தாளில் கிடத்தினான். ஓர் இலையை மட்டும் புரட்டி அடிப்பக்கம் தெரிய வைத்தான். அட்டையில் ஒட்டியபின் புரட்ட முடியாதே. எண், திகதி, இடம், உயரம், மண், பக்கத்தில் நின்ற செடிகள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். பூவின் நிறத்தை எழுதவில்லை. அதுதான் கண்ணெதிரே இருக்கிறதே!

பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். “நாங்கள் பிடுங்கி எறிவதை நீங்கள் பேப்பர் விரித்துப் படுக்கவைக்கிறீர்களே, தம்பி.” தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டோம். “நாங்களும் பினர என்றுதான் சொல்வோம்.” அதையும் எழுதிக்கொண்டோம்.

தினமும் தாள் மாற்ற வேண்டும். இந்தக் குளிரில் புதுத் தாளே நமத்துப்போய்த்தான் இருக்கும். ஓர் இரவு சோம்பிவிட்டேன். மூன்றாம் நாள் பிரித்தால், காட்டுக் காசித்தும்பையின் சதைப்பற்றான தண்டு கறுத்துக் கூழாகியிருந்தது. கொதிநீரில் முக்கி எடுத்திருக்க வேண்டுமாம். பினர பிழைத்தது, ஆனால் ஊதா போய்ப் பழுப்பேறிவிட்டது. நோட்டில் நிறத்துக்கான இடம் காலி. போனில் படம் இருக்கிறதே என்றேன். எடுத்துப் பார்த்தால் பனியில் எல்லாமே சாம்பல்.

நண்பன் கத்தவில்லை. கதை சொன்னான், அது இன்னும் மோசம். 17ஆம் நூற்றாண்டில் போல் ஹெர்மன் என்ற மருத்துவர் இங்கே உலர்த்திச் சேர்த்த செடிகளை வைத்தே சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் எழுதினாராம். லின்னேயஸ் இந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. “பூவைப் பார்க்காதவனுக்குத்தான் குறிப்பு. உனக்கில்லை.”

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. நோட்டோடு தோட்டத்துக்கு ஓடினேன். பூவைக் காட்டி, இதை என்ன நிறம் என்று சொல்வீர்கள் என்று அக்காவிடமே கேட்டேன். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“கத்தரிப்பூ நிறம். அதைவிடக் கொஞ்சம் கடுமை.”

அப்படியே எழுதினேன்.