கோடு ‘பெட்ரோல் குறைவு’ என்கிறது, பிளக் கறுத்துக் கிடக்கிறது

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் ஹோஸ் விட்டுப்போய் இன்ஜின் சூடேறியதில் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிற்று. ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் பண்ணி (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி), கையோடு டியூனிங்கும் முடித்து ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தது. டியூனிங் என்றால் புது ஸ்பார்க் பிளக், புது ஏர் ஃபில்டர், திராட்டில் பாடி சுத்தம், அவ்வளவுதான். ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே மீட்டரில் மஞ்சளாக செக் இன்ஜின் லைட் எரிந்தது.

திரும்பக் கொண்டுபோனபோது, இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த ‘கோடு’ என்கிற கோளாறுக் குறியெண்ணை ஸ்கேனர் போட்டு அழித்துக் கொடுத்தார்கள். பாளையங்கோட்டையில் இருந்து அம்பாசமுத்திரம் போய் வருவதற்குள் மறுபடியும் எரிந்துவிட்டது. இதில் ஒரு விஷயம் உண்டு. இந்த மாதிரிக் கோளாறுகளில் பெரும்பாலானவை அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் லைட் எரியும். முதல் ஓட்டத்தில் பார்த்ததைக் கம்ப்யூட்டர் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். போனது ஒரு ஓட்டம், இன்ஜினை அணைத்துவிட்டுப் பிறகு திரும்பி வந்தது இன்னொரு ஓட்டம். ஆக, கோளாறு எப்போதாவது வந்து போகிற ஒன்றல்ல, விடாமல் இருக்கிறது.

“ஆக்சிஜன் சென்சார மாத்திருங்க, சரியாயிரும்” என்றார்கள். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கருவி அது, சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். கெட்டிருந்தால் மாற்றலாம், கெட்டிருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். சரி, நானே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிந்து வைக்கும் ஏற்பாடு, கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள சாக்கெட் இருக்கும். ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஒரு செயலியைப் போட்டால் போதும். வந்த கோடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்கு அர்த்தம்.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படித்துவிட வேண்டும், இதை எல்லாரிடமும் சொல்லுவேன். லைட் எரியக் காரணமான அந்த நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்கிற குறிப்பு அது. அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் அப்படித்தான். என் வண்டியில் இருந்தது இது: வேகம் பூஜ்யம், 750 ஆர்பிஎம், கூலன்ட் சூடு 88 டிகிரி. அதாவது நன்றாகச் சூடான பிறகு, எங்கேயோ நின்றுகொண்டிருக்கும்போது வந்த கோளாறு.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிடக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம், பழகிப்போய் நிலைத்தது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இருபத்தைந்தை ஒட்டிப் போனால் பெரும்பாலான வண்டிகளில் லைட் எரிந்துவிடும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நிற்கும்போது, எனக்கு வந்தது கூட்டல் 26. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் 10. ரோட்டில் ஒரே சீராகப் போகும்போது 6.

இந்த மூன்று எண்ணிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்தது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ சோர்ந்திருந்தால் வண்டி இழுக்க இழுக்கத்தான் பற்றாக்குறை கூடும். இங்கே தலைகீழாக, நிற்கும்போது அதிகம், ஓடும்போது குறைவு. எங்கிருந்தோ கொஞ்சம் காற்று நுழைகிறது, இன்ஜின் நிறையச் சுவாசிக்கும்போது அந்தக் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதில்லை.

இன்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக் பக்க லீக் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும், ஹெட் கழற்றிய வண்டி வேறு. ஆனால் இந்த இன்ஜினில் காற்றை அளப்பது மேப் சென்சார். இன்டேக் மேனிஃபோல்டு என்கிற காற்றுக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் ஏற்பாடு. அப்படிப்பட்ட வண்டியில் இன்டேக்கில் லீக் இருந்தால் நுழைகிற காற்று அழுத்தமாகத் தெரிந்துவிடும், கம்ப்யூட்டரும் அதற்குத் தக்க பெட்ரோல் ஊற்றும். ஐடில் ஏறி நிற்குமே தவிர ட்ரிம் இவ்வளவு ஓடாது. எனக்கு ஐடில் 750-ல் ஆடாமல் நின்றது. சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது மேப் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டியது, கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊருக்கு அது சரி. ஐடிலில் 34, அதுவும் சரி. இன்டேக்கில் இருந்து போகும் பிரேக் பூஸ்டர் ஹோஸைக் கிடுக்கி போட்டு நெரித்துப் பார்த்தேன், ட்ரிம் அசையவில்லை. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை இன்டேக் பக்கம் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்சாஸ்ட் குழாய் பக்கத்திலேயே இருக்கும்போது எனக்கு அதில் விருப்பமில்லை.

சென்சாரையும் சோதித்தேன். முன்பக்க ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைப் படக்கென்று மிதித்தால் கலவை கெட்டியாகும், வோல்ட் 0.8-க்கு மேல் ஏறும். விட்டால் உடனே கீழே இறங்கும். என்னுடையது ஏறி இறங்குவதில் துளி சோம்பலும் இல்லை. மாற்றச் சொன்ன சென்சார் நல்ல சென்சார்.

இந்த இடத்தில்தான் பக்கத்துத் தெரு அண்ணாச்சியிடம் போனேன். போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன் திரையைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. “கோடு என்னமும் சொல்லட்டும் தம்பி. பிளக்கக் கழத்திப் பாத்தியா? உள்ள எப்படி எரியுதுன்னு அதுல்லா சொல்லும்” என்றார்.

கழற்றினோம். டியூனிங்கில் போட்ட புது பிளக், நாலும் காய்ந்த கரியாகக் கறுத்துக் கிடந்தது. பெட்ரோல் குறைவாக எரிந்தால் முனை வெளுத்திருக்கும். இது பெட்ரோல் அதிகம் என்பதற்கு அடையாளம். மைலேஜ் குறைந்திருந்ததற்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. கோடு குறைவு என்கிறது, பிளக் அதிகம் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: இன்ஜினில் எரிந்து முடித்த பிறகு, சென்சாரை அடையும் முன் புகையில் வெளிக்காற்று கலக்கிறது.

நாலு சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் சின்ன இடைவெளி இருந்தால் புகை வெளியே வருவது மட்டும் நடப்பதில்லை. புகை தொடர்ச்சியாக வராது, ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் விட்டு விட்டுத் தள்ளும். ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும், அப்போது காற்று உள்ளே இழுபடும். ஐடிலில் புகை குறைவு என்பதால் அந்தக் காற்றின் பங்கு பெரிது. ஈரக் கரண்டியால் குழம்பை எடுத்து ருசி பார்த்துவிட்டு, உப்புப் போதவில்லை என்று பானையில் உப்பைக் கொட்டுவது போலத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது.

“காலையில ஸ்டார்ட் பண்ணுதப்போ டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், சூடானா நின்னுரும். கவனிச்சியா?” என்றார் அண்ணாச்சி. மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்டோம். இருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி ஓரளவு மூடிக்கொள்வதால் அப்புறம் சத்தம் அடங்கிவிடுகிறது.

இடத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வீட்டு வேக்யூம் கிளீனரின் குழாயைக் காற்று வெளியே தள்ளும் பக்கத்தில் மாட்டி, சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகினோம். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி மேனிஃபோல்டு இணைப்புகளில் அடித்தேன். நாலாவது சிலிண்டருக்குக் கீழ் ஓரத்தில் நுரை பொங்கிக்கொண்டே வந்தது. மற்ற மூன்றிலும் ஒரு குமிழி இல்லை.

ஹீட் ஷீல்டைக் கழற்றியதும் தெரிந்தது. கடைசி ஸ்டட்டின் நட்டு ஸ்பேனர் வைத்ததும் எளிதாகச் சுற்றியது. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் பேக்கிங் பழையது. ஹெட்டைக் கழற்றும்போது எடுத்ததையே திருப்பி வைத்திருக்கிறார்கள். நசுங்கி உட்கார்ந்த பேக்கிங் இரண்டாவது முறை அதே மாதிரி அடைக்காது. அந்த மூலையில் மட்டும் விசிறி மாதிரிக் கரி படிந்திருந்தது. மற்ற நட்டுகள் துருப்பிடித்து முரண்டு பிடித்தன. துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஒரு ராத்திரி ஊறவைத்த பிறகு இளகின. மேனிஃபோல்டு முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜால் பார்த்தோம், 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. ஜங்ஷன் பக்கம் ஸ்பேர் கடையில் புது பேக்கிங் வாங்கி, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகிற வரிசையில், ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு திரும்பவும் டார்க் சரிபார்த்தோம்.

பிளக்கைச் சுத்தம் செய்து போட்டு, கோடை அழித்து, ஸ்டார்ட் செய்தால் டிக்கு டிக்கு இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்ததில் ஐடில் ட்ரிம் கூட்டல் 5. அந்த ஐந்தையும் கோளாறாக நினைக்க வேண்டாம். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு 13.5 அளவுதான் தேவை. பத்து சதவீதக் கலவைக்குக் கணக்குப் போட்டு வைத்த கம்ப்யூட்டர் நாலைந்து சதவீதம் கூட ஊற்றித்தான் ஆகும்.

கோடை அழித்ததும் கம்ப்யூட்டர் தானே செய்துபார்க்கும் உள்சோதனைகள் எல்லாம் இன்னும் முடிக்கப்படாதவை என்று ஆகிவிடும். அவை முடிகிற வரை லைட் எரியாததற்கு அர்த்தமே கிடையாது. அதனால் நான்கு வழிச்சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் பணகுடி வரை போய் வந்தேன். ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கிறது, காற்றாலைகள் அத்தனையும் சுற்றுகின்றன. அதே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் லோடு நாங்குநேரியில் இருந்ததைவிட நன்றாகவே ஏறியது. நல்ல சோதனைக்களம். அந்த இழுப்பிலும் ட்ரிம் 4-ஐத் தாண்டவில்லை.

எனக்கு மிச்சமிருந்த பயம் புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பற்றியது. பெட்ரோல் அதிகமாகவே எரிந்துகொண்டிருந்தால் அது பாழாகும், விலையும் கையைக் கடிக்கும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் 0.65 வோல்ட்டில் ஏறக்குறைய நேர்கோடாக நின்றது. கன்வெர்ட்டர் கெட்டிருந்தால் முன்பக்கச் சென்சார் போலவே அதுவும் ஆடும். திரும்பி வரும் வழியில் கன்வெர்ட்டர் சோதனையும் முடிந்துவிட்டதாகச் செயலி காட்டியது. முதல் ஓட்டத்தில் குறித்து வைக்கும் காத்திருப்புக் கோடு எதுவும் இல்லை.

டேங்கை நிரப்பி மைலேஜ் பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஃபேசிங் செய்த ஹெட் என்பதால் வாரம் ஒருமுறை ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவையும் குறித்து வருகிறேன், இதுவரை இறங்கவில்லை.