துக்கத்தைத் தைத்த பருவம்: ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்களுக்கு

ஜவுளி வடிவமைப்புப் படிப்பின் கடைசிப் பருவத்தில் நான் எடுத்த தலைப்பு, துக்கம். அப்பா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மனம் சார்ந்த தலைப்பை எடுக்க நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தவறு, படம் தைத்தது. சாம்பல் நிறத் துணி, அழும் கண், உதிரும் இலை. "இதைப் பென்சிலிலேயே வரைந்திருக்கலாமே, நூல் எதற்கு?" என்று கேட்டார் ஆசிரியர். இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம்தான் கேள்வி உறைத்தது.

அதன்பின் தினமும் அரை மணி நேரம், உள்ளங்கை அளவுத் துணியில் வெறும் ஓட்டுத்தையல் மட்டும் போட்டேன். பின்பக்கம் தேதி. ஒரு மாதம் கழித்து வரிசையாகப் பரப்பிப் பார்த்தால், தூங்காத நாட்களில் தையல் நீண்டு கோணியிருந்தது. ஒரு துண்டில் நூலை இழுத்த இழுப்பில் துணியே சுருங்கிப்போயிருந்தது. அன்று டைரியில் 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், இஸ்திரி போட்டு நேராக்கிவிடாதீர்கள். திருப்பியும் பாருங்கள்; சிக்கும் முடிச்சும் பின்பக்கத்தில்தான் தெரியும்.

எழுத்துப் பகுதிக்குப் பத்துப் படைப்புகளைத் தொட்டுப்போவதைவிட ஒன்றோடு உட்காருவது மேல். எனக்கு அது, எலிசபெத் பார்க்கர் என்ற பெண் 1830 வாக்கில் லினன் துணியில் சிவப்பு நூலால் எழுத்தெழுத்தாகக் குறுக்குத் தையலில் தைத்த தன் கதை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுவேலைக்குப் போன இடத்தில் பட்ட கொடுமையையும் சாக நினைத்ததையும் சொல்லிக்கொண்டே வந்து, 'என் ஆன்மா என்னவாகும்' என்ற இடத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கீழே துணி வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு சொல்லை முடிக்க எத்தனை முறை ஊசி ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் அந்தச் சொல்லோடேயே இருந்திருக்கிறார்.

கடைசியாக அப்பாவின் சட்டையைப் பிரித்தேன். காலரின் உள்மடிப்பில் நீலம் வெளுக்காமல், வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அன்று ஒரு தையலும் போட முடியவில்லை. ஊசித்துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்த அந்தத் துண்டையே தேதியிட்டுத் தொகுப்பில் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.

நெருங்கியவர்களின் துணியை எடுப்பதானால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். கை ஓடாத நாட்களுக்கும் அட்டவணையில் இடம் விடுங்கள். பிரிப்பதற்கு முன் முழுச் சட்டையையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை.